13 வயது மகன் புல்லுக்கு வைத்த நெருப்பு: போலீஸ் சொல்லும் யூத் ஜஸ்டிஸ் கான்ஃபரன்ஸுக்குச் சம்மதிக்கலாமா?

டூங்காபி_அம்மா:

சிட்னியில் இருப்பவர்கள் யாராவது இந்த வழியாகப் போயிருந்தால் சொல்லுங்கள். வேறு ஊர்க்காரர்களும் யோசனை சொன்னால் சந்தோஷம்.

என் மகனுக்கு 13 வயது. பள்ளி விடுமுறையில் அவனும், அவனைவிட ஒரு வயது மூத்த நண்பனும், க்ரீக் ஓரத்து ரிசர்வில் காய்ந்த புல்லை லைட்டரால் கொளுத்துவது, ஷூ காலால் மிதித்து அணைப்பது, மறுபடி கொளுத்துவது என்று விளையாடியிருக்கிறார்கள். காற்று பலமாக அடித்த நாள். ஒரு தடவை மிதித்து அணைக்க முடியாமல் போய், ஒரு பெரியவரின் பின்பக்க மரவேலியில் தீ ஏறி, அங்கிருந்து அவருடைய ஷெட்டைப் பிடித்துவிட்டது. பையன்கள் ஓடி வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மா அவசர உதவி எண்ணான ட்ரிபிள் ஜீரோவுக்குப் போன் செய்து தீயணைப்பு வண்டி வந்து அணைத்திருக்கிறது. யாருக்கும் காயம் இல்லை, ஆனால் ஷெட் மிச்சமில்லை. அந்தப் பெரியவர் மால்டாவிலிருந்து வந்தவர், தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். உளி, இழைப்புளி என்று ஆயுசு முழுக்கச் சேர்த்த கருவிகள் எல்லாம் உள்ளே இருந்திருக்கின்றன.

போலீஸ் வீட்டுக்கு வந்து மரியாதையாகத்தான் பேசினார்கள். அடுத்த வாரம் ஸ்டேஷனுக்கு அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அவன் செய்ததை ஒப்புக்கொண்டால் கோர்ட்டுக்கு அனுப்பாமல் யூத் ஜஸ்டிஸ் கான்ஃபரன்ஸ் என்று ஒன்றுக்கு அனுப்ப வாய்ப்பு இருக்கிறதாம், அதில் அந்தப் பெரியவரும் வந்து எதிரில் உட்காருவாராம்.

என் கணவர் ஒரே பிடியாக நிற்கிறார். ஒப்புக்கொண்டால் நாமே கழுத்தை நீட்டுவது மாதிரி, லைட்டர் கொண்டுவந்தது மற்ற பையன், லாயர் வைத்து கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். எனக்கு அந்தப் பெரியவரின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் முதல் கவலை. அவர் கத்தினால் இவன் தாங்குவானா, பின்னால் வேலைக்குப் போகும்போது இது ரெக்கார்டில் நிற்குமா, உண்மையில் இந்தக் கூட்டத்தால் பிள்ளை திருந்துவானா, அல்லது ஒரு ஸாரி சொல்லிவிட்டு வெளியே வரும் ஏற்பாடா? மகன் சாப்பாட்டைக்கூட ரூமுக்கு எடுத்துப் போய்ச் சாப்பிடுகிறான், சரியாகப் பேசுவதில்லை. திருச்சியில் மாமியாருக்கு விஷயம் தெரிந்து தினம் போனில் அர்ச்சனை வேறு.

கறார்_கந்தசாமி:

கோபப்படாதீர்கள், ஆனால் யாராவது இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 2001 கிறிஸ்துமஸ் நேரத்தில் நான் இந்த ஊருக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வாரக்கணக்கில் தீ, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் சாம்பல். அப்போதே பள்ளிப் பிள்ளைகள் வைத்த தீ பற்றி பெரிய கூச்சல் எழுந்தது. இந்த நாட்டில் காட்டுத் தீயில் பாதிக்குப் பாதி வேண்டுமென்றே வைத்ததாகவோ சந்தேகத்துக்குரியதாகவோ இருக்கிறது என்று ஆஸ்திரேலியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் கிரிமினாலஜியே சொல்லியிருக்கிறது. ஷெட்டோடு நின்றது உங்கள் அதிர்ஷ்டம். காற்று வேறு பக்கம் அடித்திருந்தால்?

வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து ஸாரி கேட்பதால் ஒன்றும் ஆகாது. ஸாரி சொல்ல நம் பிள்ளைகளுக்கு ஐந்து வயதிலேயே பழக்கிவிடுகிறோம், வாய் அதுபாட்டுக்குச் சொல்லும். இந்த மாநிலத்தின் குற்றப் புள்ளிவிவர அலுவலகம் 2012-இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. கான்ஃபரன்ஸ் போன இளையவர்களையும், அதே மாதிரிக் குற்றத்துக்கு சில்ட்ரன்ஸ் கோர்ட் போனவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மறுபடி குற்றம் செய்வதில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. அப்புறம் எதற்கு இந்த வட்டமேசை மாநாடு?

தண்ணிவண்டி:

கந்தசாமி அண்ணை, நீங்கள் சொல்லும் ஆய்வு சரி, நானும் வாசித்திருக்கிறேன். ஆனால் அதை மற்றப் பக்கமாகவும் பார்க்கலாம். கோர்ட்டுக்கு அனுப்பினாலும் பொடியன் அதிகமாகத் திருந்துவதில்லை என்றுதானே அர்த்தம்? இரண்டும் ஒரே விளைவு என்றால், பிறகு ஷெட்டைப் பறிகொடுத்த மனிசனுக்கு எதில் ஏதாவது கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். கோர்ட்டில் அவருக்கு ஒன்றும் இல்லை. பொடியன் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான், லோயர் கதைப்பார், மாஜிஸ்திரேட் நாலு வார்த்தை சொல்வார், முடிந்தது. தன்ர உளி எங்கே என்று கேட்க அவருக்கு இடமே இல்லை.

அக்கா, நான் வேலைக்கு வெளியே ஃபயர் அண்ட் ரெஸ்க்யூ என்ற தீயணைப்புப் படையில் கூப்பிட்டால் ஓடும் ஆள். தீ வழக்கு என்றால் இப்படியான கூட்டங்களுக்கு எங்கள் பக்கத்தில் இருந்தும் ஒருவரை வைப்பார்கள், சிலவற்றில் நான் இருந்திருக்கிறேன். உள்ளே கதைத்ததை வெளியே சொல்லக்கூடாது, அதனால் பொதுவாகச் சொல்கிறேன்.

நடத்துபவரை கன்வீனர் என்பார்கள். அவர் பொலிஸ் இல்லை, நீதவானும் இல்லை. கூட்டத்துக்கு முதலே உங்கள் வீட்டுக்கு வந்து பிள்ளையோடு கதைப்பார், அந்தப் பெரியவரிடமும் தனியாகப் போவார். யாராவது கத்தி மேசையைப் புரட்டுவார்கள் என்றால் அவருக்கு முதலே தெரிந்துவிடும். கூட்டம் பெரும்பாலும் ஏதாவது கம்யூனிட்டி ஹோலில் நடக்கும். பிள்ளை, தாய் தகப்பன், பெரியவர், அவர் துணைக்குக் கூட்டிவரும் ஆள், யூத் லியேசன் ஒஃபிசர் என்ற பொலிஸ்காரர், நாங்கள். முதலில் பிள்ளைதான் கதைக்க வேண்டும். என்ன நடந்தது, அந்த நேரம் என்ன நினைத்தாய், பிறகு என்ன நினைத்தாய், யார் யாருக்கு இதால் பாதிப்பு. இந்தக் கேள்விகளை 1991 அளவில் வாகா வாகா ஊரில் டெரி ஓ'கோனல் என்ற பொலிஸ் சார்ஜன்ட் நியூசிலாந்து முறையைப் பார்த்துத் தொடங்கி வைத்தார், இன்றைக்கும் கிட்டத்தட்ட அதே வரிசைதான். ஏன் செய்தாய் என்று மட்டும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு 13 வயதில் எவனிடமும் பதில் இல்லை, தெரியாது என்று சொல்லிவிட்டு வாயை மூடிவிடுவான்.

பெரும்பாலான பொடியன்கள் வரும்போது நினைத்துக்கொண்டு வருவது, ஒரு வேலியும் பழைய ஷெட்டும் எரிந்தது, இன்சூரன்ஸ் கட்டும் என்று. எதிரில் இருக்கும் மனிசன் அந்த உளியை ஆரிடம் வாங்கினேன், எந்த வீட்டுக்குக் கதவு செய்தேன் என்று சொல்லத் தொடங்கும்போது முகம் மாறும். எல்லோருக்கும் மாறும் என்று பொய் சொல்லமாட்டேன், சிலர் கடைசி வரைக்கும் சுவரைப் பார்த்தபடி இருப்பார்கள். நாங்கள் எங்கள் பங்குக்குச் சொல்வது வேறு கதை: புல்லுத் தீ காற்றோடு எவ்வளவு கெதியாக ஓடும், அந்த நேரம் வண்டி இங்கே நின்றதால் வேறு எந்த அழைப்புக்குப் போக முடியாமல் இருந்தது, ஓடிப்போகாமல் உடனே போன் எடுத்திருந்தால் வேலியோடு நின்றிருக்கும். அந்தக் கடைசிக் கதை எப்பவும் ஆழமாக இறங்கும், ஏனென்றால் தீ வைத்ததைவிட ஓடிப்போனதுதான் அவர்களை உள்ளுக்குள் தின்றுகொண்டிருக்கும்.

இன்னொன்று. கான்ஃபரன்ஸ் தீப் பழக்கத்துக்கு மருந்து இல்லை. அதுக்கு எங்களிடம் ஐஃபாப் (IFAP) என்று தனித் திட்டம் இருக்கிறது, சின்னப் பிள்ளை முதல் 17 வயது வரைக்கும். பயிற்சி எடுத்த தீயணைப்பு ஆட்கள் வீட்டுக்கே வந்து பிள்ளையோடும் குடும்பத்தோடும் இருந்து கதைப்பார்கள், காசு இல்லை, பொலிசோடு சம்பந்தம் இல்லை. விக்டோரியாவிலும் குயின்ஸ்லாந்திலும் வேறு பெயர்களில் இதே மாதிரி இருக்கிறது. ஆர்வத்தில் கொளுத்துபவன் ஒரு வகை. கூட்டாளிக்குக் கெட்டித்தனம் காட்டக் கொளுத்துபவன் இன்னொரு வகை. வீட்டில் அல்லது பள்ளிக்கூடத்தில் ஏதோ தாங்க முடியாமல் தனியே போய்க் கொளுத்துபவன் மூன்றாவது, அவனுக்குத்தான் உளவியல் ஆள் தேவை. உங்கள் மகன் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டாவது மாதிரித் தெரிகிறது. ஆனால் இதுக்கு முதலும் எங்கேயாவது கொளுத்தியிருக்கிறானா, தனியாக இருந்தும் செய்திருக்கிறானா என்று அமைதியாகக் கேட்டுப் பாருங்கள். அதுதான் முக்கியம், ஷெட்டின் விலை இல்லை.

சட்டப்புத்தகம்:

எல்லோரும் கூட்டத்துக்குள் போய்விட்டீர்கள், அக்கா இன்னும் ஸ்டேஷனுக்கே போகவில்லை! நான் பரமட்டாவில் சட்ட உதவி சார்ந்த வேலையில் இருக்கிறேன். இது சட்ட ஆலோசனை இல்லை, எங்கே கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்பு அரசு சட்ட உதவி அமைப்பான லீகல் எய்டின் யூத் ஹாட்லைனுக்கு உங்கள் மகன் பேச வேண்டும். 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு இலவசம். கவனியுங்கள், அவன்தான் பேச வேண்டும். லாயருக்கு அவன்தான் கட்சிக்காரன், நீங்களோ உங்கள் கணவரோ இல்லை. நம் அப்பாக்களுக்கு இது ஜீரணிக்கக் கஷ்டமாக இருக்கும், போனைப் பிடுங்கி நான் பேசுகிறேன் என்பார்கள்.

உங்கள் கணவர் சொல்வதை முழுக்கத் தள்ளிவிடாதீர்கள். இந்த மாநிலத்தில் 10 வயதிலிருந்தே குற்றப் பொறுப்பு உண்டு, ஆனால் 14-க்குக் கீழ் இருப்பவனுக்கு, தான் செய்வது பெரிய தவறு என்று அவனுக்கு அந்த நேரத்தில் தெரிந்திருந்தது என்பதை அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். 13 வயது, மிதித்து அணைக்கும் விளையாட்டு என்றால், இந்த வாதம் சும்மா விட்டுவிடக்கூடியது இல்லை. கான்ஃபரன்ஸுக்கு அனுப்ப வேண்டுமானால் அவன் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், கூட்டத்துக்குச் சம்மதிக்கவும் வேண்டும். ஆகவே ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்ற முடிவு ஒரு லாயரோடு பேசிய பிறகு வர வேண்டும், பயத்திலோ நல்ல பேர் வாங்கவோ வரக்கூடாது. லைட்டர் யாருடையது என்ற வாதத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். இருவர் சேர்ந்து செய்ததில் லைட்டர் நண்பனுடையது என்பது பெரிதாக உதவாது, அந்தப் பெரியவர் காதில் விழுந்தால் எரிச்சல்தான் கூடும்.

சட்டத்தின் பெயர் யங் அஃபெண்டர்ஸ் ஆக்ட் 1997. எச்சரிக்கை, அதற்கு மேல் காஷன் என்ற முறைப்படியான எச்சரிக்கை, அதற்கு மேல் கான்ஃபரன்ஸ், கடைசியில் கோர்ட் என்று படி வைத்திருக்கிறார்கள். கூட்டத்தில், இழப்புக்கு ஈடாகப் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு அவுட்கம் பிளான் எழுதுவார்கள். வந்திருக்கும் பாதிக்கப்பட்டவரும் உங்கள் மகனும் இருவருமே ஏற்க வேண்டும், பெரியவர் ஒப்பவில்லை என்றால் பிளான் இல்லை. கோர்ட் கொடுக்கக்கூடியதைவிடக் கடுமையாக அதை எழுதவும் கூடாது. கந்தசாமி சார் சொன்ன 2001 தீக்குப் பிறகு, தீ வழக்குகளுக்கென்றே இந்தச் சட்டத்தில் சேர்த்தார்கள்: எரிந்த இடத்தைச் சுத்தம் செய்ய உதவுவது, இழப்பீடு, தீயின் விளைவுகளைப் பற்றிய படமோ விளக்கமோ பார்ப்பது மாதிரியானவை. பிளானை முடித்துவிட்டால் அந்தக் குற்றத்துக்கு மேற்கொண்டு நடவடிக்கை இல்லை, தண்டனைப் பதிவும் ஆகாது. போலீஸ் தங்கள் கோப்பில் இப்படி ஒன்று நடந்தது என்று வைத்திருப்பார்கள், அதை எந்த வேலைக்கு யார் கேட்க முடியும் என்பதை லாயரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவரின் இன்சூரன்ஸ் கம்பெனி தனியாக உங்களிடம் ஏதாவது கேட்குமா என்பதையும் கூடவே கேளுங்கள். கூட்டத்தில் அவன் பேசியதைப் பின்னால் கோர்ட்டில் அவனுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. பிடிக்கவில்லை என்றால் கூட்டத்துக்கு முன்பு மனதை மாற்றிக்கொண்டு கோர்ட்டுக்கே போகிறேன் என்று சொல்லவும் அவனுக்கு உரிமை உண்டு.

இந்தப் பதிவில் இதற்கு மேல் அடையாளம் எதுவும் எழுதாதீர்கள். உங்கள் புனைபெயரில் இருக்கும் ஊர்ப் பெயரே அதிகம்.

பீவர்ட்டன்வாசி:

அமெரிக்காவில், ஆரிகன் மாநிலத்து போர்ட்லேண்ட் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்க் கதையைக் கேட்டால் உங்கள் ஊர் ஏற்பாட்டைக் கையெடுத்துக் கும்பிடுவீர்கள்.

2017 செப்டம்பர் 2, லேபர் டே விடுமுறை சனிக்கிழமை. கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஈகிள் க்ரீக் என்ற நடைபாதை. 15 வயதுப் பையன் ஒருவன் நண்பர்களோடு போய் ஒரு பட்டாசைக் கொளுத்திப் பள்ளத்தில் போட்டான். கிட்டத்தட்ட 50,000 ஏக்கர், அணைத்து முடிக்க மூன்று மாதம். சுமார் 150 பேர் மலையில் மாட்டிக்கொண்டு ராத்திரி அங்கேயே கழித்து மறுநாள்தான் இறங்கினார்கள். தீப்பொறி அவ்வளவு அகலமான ஆற்றையே தாண்டி வாஷிங்டன் மாநிலத்தில் விழுந்தது. எங்கள் வீட்டுக் கார் மேலெல்லாம் சாம்பல். முல்ட்னோமா அருவிக்கு விருந்தாளிகளைக் கூட்டிப்போகாத தமிழ்க் குடும்பம் இங்கே கிடையாது, அந்த அருவிக்கரை லாட்ஜை எப்படியோ காப்பாற்றினார்கள்.

பையன் உக்ரைனிலிருந்து குடியேறிய குடும்பம். வலைத்தளங்களில் அவனையும் வீட்டாரையும் எப்படித் திட்டினார்கள் தெரியுமா, நாடு கடத்து என்று ஆரம்பித்து எழுத முடியாதது வரை. அதனால்தான் அதிகாரிகள் பெயரை வெளியிடவே இல்லை. 2018 பிப்ரவரியில் ஹுட் ரிவர் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மன்னிப்பு அறிக்கை வாசித்தான். ஐந்து வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 1,920 மணி நேரம் வனத்துறைக்குச் சமூகப் பணி, மலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் கேஸ்கேட் லாக்ஸ் ஊர்க்காரர்களுக்கும் மன்னிப்புக் கடிதம். இதுவரை எனக்குச் சம்மதம். எரித்த காட்டிலேயே பாதை சரிசெய்யும் வேலை என்பது நியாயமாகப் படுகிறது.

அப்புறம் மே மாதம் நஷ்டஈடு என்று ஒரு தொகை போட்டார்கள்: 3 கோடியே 66 லட்சம் டாலர். வனத்துறைக்கு 2.1 கோடி, மாநில சாலைத் துறைக்கு ஒரு கோடிக்கு மேல், ரயில் கம்பெனிக்குப் பத்து லட்சம். 15 வயதுப் பையன்! கட்ட முடியாது என்று நீதிபதிக்கும் தெரியும். தவணையில் கட்டலாம், ஒழுங்காக நடந்துகொண்டால் 10 வருடம் கழித்து நிறுத்திக்கொள்ளலாம் என்று தீர்ப்பிலேயே வழி வைத்திருந்தார். அப்படியானால் அந்த எண் யாருக்காக? வெளியே கோபமாக இருந்தவர்களுக்காக என்றுதான் எனக்குத் தோன்றியது. இழப்பு அவ்வளவு என்று கணக்கில் பதிவாக வேண்டும் என்று வாதிட்டவர்களும் உண்டு, அதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு பிள்ளையால் ஈடு கட்ட முடியாத தொகையைச் சொன்ன உடனே ஈடு கட்டுவது என்ற பேச்சே முடிந்துபோகிறது. உங்கள் மகன் முன்னால் இருப்பது ஒரு ஷெட், ஒரு வேலி, ஒரு மனிதர். அவனால் ஏதாவது செய்ய முடிகிற அளவு அது. அந்த வகையில் உங்களுக்கு நல்ல நேரம்தான்.

கறார்_கந்தசாமி:

3 கோடி டாலர் கதை எனக்குத் தெரியாது, அதிகம்தான். ஆனால் அந்த 150 பேர் ராத்திரி முழுக்க என்ன பட்டிருப்பார்கள்? அதைப் பற்றி நாம் ஒருவரும் நாலு வரி எழுதவில்லை, பையனைப் பற்றித்தான் எழுதுகிறோம். எப்போதும் இப்படித்தான் ஆகிறது என்பதுதான் என் எரிச்சல். தண்ணிவண்டி தம்பி சொன்னதில் அந்தத் தச்சர் பேசுவார் என்ற இடம் மட்டும் பிடித்திருக்கிறது. அவர் வரமாட்டேன் என்று சொன்னால்?

ஆக்லாந்து_டீச்சர்:

வராமலும் இருக்கலாம், அது அவர் உரிமை. இங்கே நியூசிலாந்தில் அப்படி நடக்கும்போது கடிதம் எழுதி அனுப்புவார்கள், அல்லது அவர் சார்பாக வேறு ஒருவர் வந்து பேசுவார். உங்கள் பக்கமும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

இங்கே 1989 சட்டத்திலிருந்து ஃபேமிலி குரூப் கான்ஃபரன்ஸ் இருக்கிறது. இங்குள்ள பூர்வகுடிகளான மாவோரி மக்கள் தங்கள் பிள்ளைகளை கோர்ட்டும் விடுதியும் விழுங்குகின்றன என்று சண்டை போட்டதில் பிறந்த ஏற்பாடு அது. இப்போதும் எங்கள் பழக்கத்தை எடுத்து அரசாங்க ஃபைலாக ஆக்கிவிட்டீர்கள் என்று அவர்களே திட்டுவதும் உண்டு. அதில் எனக்குப் பிடித்த ஒரு பகுதி, நடுவில் அதிகாரிகள் எல்லோரும் எழுந்து வெளியே போய்விடுவார்கள், குடும்பம் மட்டும் உள்ளே இருந்து என்ன செய்யலாம் என்று பேசி முடிவெடுக்கும். சித்தப்பா, அத்தை, தாத்தா எல்லோரும் இருப்பார்கள். சிட்னியில் உங்களுக்கு அவ்வளவு உறவு இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவன் மதிக்கிற ஒருவர், கிரிக்கெட் கோச்சோ மாமாவோ, இருந்தால் அழைத்துப் போக முடியுமா என்று கன்வீனரிடம் கேளுங்கள். அப்பா அம்மா முகத்தைப் பார்க்க முடியாத பையன் அந்த ஆள் முகத்தைப் பார்ப்பான்.

வெட்கம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மாமியார் போன் பற்றி எழுதியிருந்தீர்கள். கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஜான் பிரெய்த்வெய்ட் என்ற குற்றவியல் அறிஞர் இந்த முறைக்கு அடிப்படையாகச் சொன்னதே வெட்கத்தைப் பற்றித்தான். செய்த காரியத்துக்கு வெட்கப்பட வைத்து ஆளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டால் அவன் தப்பிப்பான், ஆளையே கெட்டவன் என்று முத்திரை குத்தினால் அந்த முத்திரைக்குத் தக்கபடி நடந்துகொள்வான் என்பது அவர் கருத்து. நம் வீடுகளில் முதல் பாதி நன்றாக நடக்கும், மானம் போச்சு என்று மூன்று தலைமுறையும் சேர்ந்து அழும். திரும்பச் சேர்த்துக்கொள்ளும் பாதிக்குத்தான் ஆள் கிடைக்காது. திருச்சிப் போனைக் கொஞ்ச நாள் நீங்களே எடுங்கள், அவனிடம் கொடுக்காதீர்கள்.

டூங்காபி_அம்மா:

எல்லோருக்கும் நன்றி. கந்தசாமி சார், உங்கள் மேல் கோபம் இல்லை. நீங்கள் எழுதியதைத்தான் என் கணவர் இரண்டு தடவை வாசித்தார்.

தண்ணிவண்டி சொன்னபடி நேற்று ராத்திரி அவனிடம் கேட்டேன். தனியாகக் கொளுத்தியதில்லை என்கிறான். ஆனால் இதே இடத்தில் இதே நண்பனோடு முன்பும் செய்திருக்கிறார்கள், அப்போது அணைந்துவிட்டது. ஓடிவந்தது பற்றிக் கேட்டபோது அழுதான். ட்ரிபிள் ஜீரோ அடித்தால் போலீஸ் நம்மைப் பிடிக்கும் என்று அந்தப் பையன் சொன்னானாம்.

இன்னும் இரண்டு கேள்வி. மன்னிப்புக் கடிதம் என்று ஒன்று வந்தால் நான் உதவலாமா? அவனுடைய இங்கிலீஷ் நன்றாக இருக்கும், ஆனால் மனதில் இருப்பதை எழுத வராது. அப்புறம், நாங்கள் முன்கூட்டியே அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, ஷெட்டுக்கு ஆகும் பணத்தைக் கொடுத்துவிட்டால் என்ன? என் கணவர் இப்போது இந்த யோசனைக்கு வந்திருக்கிறார், நாளைக்கே போகலாம் என்கிறார்.

சட்டப்புத்தகம்:

தயவுசெய்து நாளைக்குப் போகாதீர்கள். நல்ல மனதோடுதான் போவீர்கள், ஆனால் போலீஸ் விசாரணை நடக்கும்போது பாதிக்கப்பட்டவர் வீட்டு வாசலில் பணத்தோடு நின்றால் அது வேறு மாதிரியும் பார்க்கப்படும். அவருக்கும் பயமாக இருக்கலாம், திடீரென்று வந்து நின்றால் கதவைத் திறக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு ஏன்? முதலில் லாயர். பணம் கொடுப்பது கூட்டத்தில் பேசி எழுதலாம்.

தண்ணிவண்டி:

அதுவேதான். அக்கா, காசை முழுக்க நீங்கள் கட்டிவிட்டால் பிள்ளைக்குச் செய்ய என்ன மிச்சம்? பெற்றோர் ஒரு பங்கு கொடுப்பதில் பிழை இல்லை, ஷெட்டின் விலை 13 வயதுப் பொடியனின் கையில் இல்லை. ஆனால் பிளானில் அவன் தன் கையால், தன் சனிக்கிழமைகளில் செய்யும் ஏதாவது இருக்க வேண்டும். அது என்ன என்று பெரியவரும் அவனும்தான் கதைத்து எடுக்க வேண்டும். சிலர் வேலி அடிக்க வா என்பார்கள், சிலர் உன்னை இனி என் காணியில் பார்க்கவே கூடாது, ரிசர்வைப் போய்த் துப்புரவாக்கு என்பார்கள். இரண்டும் சரி. பெரியவர் சொல்வதற்கு முதல் நீங்கள் ஒரு திட்டத்தைத் தயாராக எழுதிக்கொண்டு போகாதீர்கள், அந்தப் பழக்கம் எங்கள் சனத்துக்கு நிறைய இருக்கிறது.

கடிதத்தை அவனே எழுதட்டும். பிழை இருந்தால் இருக்கட்டும். தாய் எழுதிய கடிதத்தை முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடலாம், டீப்லி ரிக்ரெட் என்று தொடங்கும். சாட்ஜிபிடி எழுதியதையும் இப்போது கண்டுபிடிக்கப் பழகிவிட்டோம். என்ன செய்தேன், ஓடினேன், போன் அடிக்கவில்லை, உங்கள் கருவிகள் உள்ளே இருந்தது எனக்குத் தெரியாது, இப்போது தெரியும். இவ்வளவும் அவனுக்கே வரும். நண்பன் சொன்னான் என்று மட்டும் எழுத விடாதீர்கள், அது உண்மையாக இருந்தாலும்.

நண்பனுக்கும் கான்ஃபரன்ஸ் என்றால் இரண்டு பேரையும் ஒன்றாக வைப்பதா தனித்தனியா என்று கன்வீனர் கேட்கக்கூடும். என்னைக் கேட்டால் தனித்தனி. ஒன்றாக இருந்தால் ஒருத்தன் முகத்தை மற்றவன் பார்த்துக்கொண்டே இருப்பான். ஆனால் பெரியவர் இரண்டு தடவை வந்து அதே கதையைச் சொல்ல வேண்டி வரும், அதுவும் அநியாயம், அவர் விருப்பத்தையும் கேட்பார்கள்.

முன்பும் செய்திருக்கிறார்கள் என்று சொன்னீர்கள் அல்லவா, அதனால் ஐஃபாபுக்குக் கூட்டம் முடியும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நீங்களே கேட்டு எடுக்கலாம். லோயரிடம் சொல்லிவிட்டு, ஃபயர் அண்ட் ரெஸ்க்யூ தளத்தில் அந்தப் பெயரைத் தேடினால் எப்படிச் சேர்வது என்று இருக்கும். வீட்டில் கிடக்கும் லைட்டர், கார்த்திகை விளக்கு ஏற்றும் தீப்பெட்டி எல்லாவற்றையும் இன்றைக்கே எடுத்து மேலே வையுங்கள்.

டூங்காபி_அம்மா:

சரி. சாமி அறைத் தீப்பெட்டியை இப்போதுதான் எடுத்தேன். காலையில் பள்ளிக்குப் போகும் முன் ஹாட்லைனுக்கு அவனே பேசுகிறான், நாங்கள் இருவரும் வேறு அறையில் இருப்பதாக ஒப்பந்தம். அவன் அப்பாவுக்குத்தான் இதில் கஷ்டம். என்ன சொன்னார்கள் என்று அப்புறம் எழுதுகிறேன், எழுதலாம் என்றால்.